இருபது டொலர்

சவர்க்காரப் பெட்டிக்குள்
அரபுப் பத்திரிகைத் துண்டில் சுற்றி
மூன்று காசு.
என்.சி. வீதியில் எங்கள் கடைக்கு வருமுன்
நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறாள்.
ஒருவன் பவுண் கணக்கில் கேட்டானாம்.
ஒருவன் பித்தளை என்றானாம்.
ஒருவன் காசைப் பாராமல்
இவளைப் பார்த்தானாம்.
நாலாமவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் பத்மலோஜினி, ஊர் சம்பூர்.
கேட்டது ஒரே கேள்வி:
"இது எத்தனை மாசம்?"

எத்தனை ரூபா என்பார்கள்,
எத்தனை கரட் என்பார்கள்.
மாசம் கேட்டு எவரும்
என் தராசுக்கு முன் இருந்ததில்லை.

பெய்ரூத்தில் ஆறு வருசம்.
கடைசி இருபத்தாறு மாதச் சம்பளம்
உன் பேரில் பாங்கில் கிடக்கு என்று மேடம் சொல்ல,
பாங்கு ஒருநாள் கதவைச் சாத்த,
அலுமாரி அடித்தட்டைத் துழாவி
கிழவி எடுத்துக் கொடுத்தது இது.

நான் மதிப்பிடுகிறவன்.
காசு தன்னைப்பற்றிச் சொல்வதை
நம்பாதிருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன்.
கழுகின் காலடியில் இருபது டொலர் என்றிருக்கிறது;
எங்கே கொண்டுபோய் விற்றாலும்
அந்த விலைக்கு மட்டும் விற்காது.

நிறுத்தேன்.
முப்பத்துமூன்று தசம் நாலு கிராம்.
நூலில் கட்டித் தண்ணீரில் இறக்க
இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைய இழந்தது.
பத்தில் ஒன்பது பங்கு பொன், மிச்சம் செம்பு,
நம்முடைய நகைக்கு ஒரு மயிரிழை கீழே.

கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
வாசற்படியில் தலையை நீட்டி
யாரும் பழத்தோல் போடுவார்களா என்று நின்றது.

முதற்காசு நல்லது.
வாலுக்குக் கீழே பொடி எழுத்தொன்று,
பெண்ணின் கன்னத்தில் தேய்மானம் இல்லை.
கொழும்பில் சேகரிக்கிறவர் எவரும் கண்டால்
பொன்னுக்கு மேலே கொஞ்சம் வைப்பார்.

இரண்டாவதில் எழுத்தெல்லாம் வீங்கி,
விளிம்புப் பற்கள்
சோப்பில் அழுத்தியதுபோல் மழுங்கி.
அமெரிக்காவைக் காணாத காசு.
வேறேதோ கடலோரம்
யாரோ ஒரு பட்டறைக்காரன் அடித்தது.
ஆனாலும் தண்ணீர் அதே கணக்கைத்தான் சொன்னது:
முகம் பொய், பொன் மெய்.
மனிதரில் இதைத் தலைகீழாகத்தான்
நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

மூன்றாவதன் உச்சியில் கொக்கி.
பற்றாசு பட்ட இடத்தில்
இரண்டு நட்சத்திரம் உருகிப் போயிருந்தன.
"இதை உருக்கு விலைக்கு விடலாம்,
மற்றதுகளை வைச்சிருங்கோ" என்றேன்.

பிறகு கல்குலேட்டர்.
கிழவி கொடுத்த வருசத்து விலைக்கு
ஒரு காசு ஏழு மாதம்.
மூன்றுக்கும் இருபத்தொன்று; ஐந்து மாதம் பாக்கி.
இன்றைய விலைக்கு ஒரு காசு பதினைந்து.
நாற்பத்தைந்து.

விரலில் எண்ணிக்கொண்டிருந்தாள்.
"அப்ப நான் மேடத்துக்குப்
பத்தொன்பது மாசம் கடனோ?"

அழித்துவிட்டு இன்னொருமுறை போட்டேன்.
அதே பத்தொன்பது.

கொக்கிக் காசைத்தான் என் பக்கம் தள்ளினாள்,
பேரம் பேசாமல்.
"குளிப்பாட்டேக்க இது என்ட மணிக்கட்டில இடிக்கும்.
சுடுதண்ணிக்குள்ளயும் குளிரும்."

விற்பனைப் படிவத்தில்
பொருள் வந்த வழிக்கு மூன்று கட்டம்:
பரம்பரை, கொள்வனவு, அன்பளிப்பு.
பேனையைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.
பிறகு ஓரத்து வெள்ளையில்
சம்பளம் என்று எழுதினேன்.
முதலாளி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

கொக்கியைக் குறட்டால் நறுக்கினேன்.
அரைக் கிராம், மட்டக் கலப்பு.
இதற்கு விலை இல்லை என்றேன்.
"தாங்கோ."

மற்ற இரண்டோடு
அதையும் சவர்க்காரப் பெட்டிக்குள் போட்டு,
மூடி சரியாகப் பொருந்தும்வரை அழுத்தி,
மூதூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.
நாலரைக்கு.

மானைப் புறங்கையால் ஒதுக்கிக்கொண்டு
வெயிலுக்குள் இறங்கினாள்.