ஏழாவது வரிசை

பிப்ரவரியில் கவாத்து செய்தவள் நான்தான்.
ஒரே கத்தரி. ஒரே கை. ஒரே ரக ஆப்பிள்.
ஆறாம் வரிசை முடித்து
பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயைக் குடித்தேன்,
ஏழாவதில் இறங்கினேன். அவ்வளவுதான்.

ஜூலையில் வந்து பார்த்தால்
ஆறாவது ஒரு சாண் துளிர்த்திருக்கிறது,
கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதுபோல.
ஏழாவதோ
வெட்டிய வாய்க்கு நாலு போத்து,
என் தலைக்கு மேலே விறைத்துக்கொண்டு.
காய் ஒன்றில்லை.

போகுஸ்வாவ் ஒரு போத்தை ஒடித்து
என் பக்கம் நீட்டினார்:
"உங்கள் ஊரில் இப்படித்தான் வெட்டுவீர்களோ, ஒரிஸ்யா?"
கணக்கு நோட்டில் என் பெயருக்கு நேரே
ஏதோ எழுதினார்.
"வருகிற குளிரில் இன்னும் ஒட்ட வெட்டு."

ஒட்ட வெட்டினால் இன்னும் எகிறும், ஐயா.
மரம் கையைப் பார்த்தா வளர்கிறது?

நாற்றங்கால் சீட்டில் ஏழாவதும் எம்-ஒன்பதுதான்:
குட்டை வேர்ச்செடி,
எவ்வளவு வெட்டினாலும் அளந்தே துளிர்க்கும்,
முட்டுக்கோல் இல்லாமல் நிற்கத் தெரியாது.
சீட்டு பொய் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கோயிலுக்குப் போனபின்
மண்வெட்டி எடுத்தேன்.

கணுக்காலளவு மண். அதற்கும் கீழே
ஒட்டுக்கட்டிய முடிச்சு.
முடிச்சுக்கு மேலே, ஆப்பிளின் சொந்தப் பட்டையிலிருந்து
விரல் தடிமனில் வேர்கள்,
குருயெத்ஸ் களிமண்ணைக் கவ்விக்கொண்டு.
மேலே ஒட்டவைத்தது
தனக்கென்று கால் முளைக்கவைத்துக்கொண்டுவிட்டது.
கீழே அந்தக் குட்டை வேர்
வேலை பறிபோன மேஸ்திரியாய்
சும்மா கிடந்தது.

எப்போது வந்து நின்றார் என்று தெரியாது.
கோயில் சட்டை. கையில் தொப்பி.
"யாத்விகா அணைத்த மண்" என்றார்.
"மைனஸ் இருபத்தெட்டு, அந்த வருஷம்.
ஒட்டு கருகிவிடும் என்று
ராத்திரியில் லாந்தர் வைத்துக்கொண்டு அள்ளிப் போட்டாள்."

வசந்தத்தில் தள்ளிவிட வேண்டிய மண்.
வசந்தத்தில் அவள் நார்வேயில்,
மீன் தொழிற்சாலையில்.
அவள் மண் அணைத்த மற்ற வரிசைகளையெல்லாம் தள்ளியவர்
இதை மட்டும் ஏன் விட்டார்?
கேட்கவில்லை.

மேல்வேரை அறுத்தால் அடங்கலாம் என்றேன்.
அவர் மண்வெட்டியை வாங்கினார்.
நெடுநேரம் வைத்திருந்தார்.
பிறகு குழியை மூடி, காலால் மிதித்து,
"இந்த வரிசையை இனி வெட்டாதே.
தானாக அலுத்துக் காய்க்கட்டும்" என்றார்.

போகும்போது
முட்டுக்கோல்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கித்
தோளில் சாய்த்துக்கொண்டார்.
மரங்கள் அசையவில்லை.

நோட்டில் எழுதியதை
அடித்தாரா என்று தெரியாது.