மூடியை இடப்பக்கம் திருப்பவும்

இரவு பதினொன்று நாற்பது.
அலசி முடித்துப் பிழியப் போகும் நேரத்தில்
நின்றுவிட்டது.
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்
அரைத் தொட்டித் தண்ணீரில்
என் வெள்ளைச் சீருடை,
கையைத் தூக்கியபடி.
காலை ஆறு மணிக்கு சால்மன் ஆலையில் ஷிஃப்ட்.
மாற்றுச் சீருடை இன்னும் தரவில்லை.

திரையில் ஈ, இரண்டு, ஒன்று.
கையேடு கொரிய மொழியில் இருக்கிறது,
அரபியிலும் இருக்கிறது.
வரியில்லாச் சந்தையில் பாதி விலைக்குத் தந்தவன்
"இதுக்கெல்லாம் கையேடே வேண்டாம், சென்யோரா" என்றான்.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன்.
பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் செருகினேன்.
ஈ, இரண்டு, ஒன்று.
பிறகு எல்லோரும் செய்துவிட்டு
வெளியே சொல்லாததையும் செய்தேன்:
இடது விலாவில் ஓர் உதை.
ஈ, இரண்டு, ஒன்று.
கால் கட்டைவிரல் தனியாக ஏதோ சொன்னது.

யெர்கோவின் வேலைதான், வேறு யார்?
பதின்மூன்று வயதுப் பையனின் கால்சட்டைப் பை:
ஆணி, நீரிணைக் கரையின் கூழாங்கல்,
சைக்கிள் செயினில் ஒரு கண்ணி.
"காலி பண்ணிட்டுப் போடு, காலி பண்ணிட்டுப் போடுன்னு
எத்தனை தடவைடா!"
மூடிய கதவைப் பார்த்துக் கத்தினேன்.
உள்ளேயிருந்து என்னவோ சொன்னான்.
கேட்கவில்லை.
புன்டா அரீனாஸில் நவம்பர் மாதக் காற்று
கூரைத் தகரத்தை ஆணி ஆணியாக
எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது.
ஆள் விழாமலிருக்கத் தெருவில் கயிறு கட்டும் ஊர் இது.
கொடியில் காயப்போட்ட சட்டை
அர்ஜென்டினாவில் போய்க் காயும்.

மன்சிய்யாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.
படகு எஞ்சின் பார்க்கிறவர்,
ராத்திரி காவல் என்பதால் விழித்திருந்தார்.
"கீழே, வலது மூலையில், சின்னக் கதவு.
உள்ளே மூடி. இடப்பக்கம் திருப்பு.
தட்டு வை."
ஒரு நிமிடம் கழித்து:
"தட்டு போதாது."

லசான்யா சுடும் தட்டு பதினேழு முறை நிறைந்தது.
வீட்டிலுள்ள துவாலையெல்லாம் தரையில்.
சோப்பும் மீனும் கலந்த வாடை.
கடைசிச் சுற்றில் மூடி கையோடு வந்தது.

ஒரு நூறு பெசோ நாணயம் (எனக்குத்தான், கூலி).
கயிறாய்த் திரிந்த என் தலைமுடி.
அப்புறம் செதில்.
விரல் கனத்துக்குப் படிந்த சால்மன் செதில்,
போன் வெளிச்சத்தில் மினுங்குகிறது,
யாரோ என் மடிப்புகளிலிருந்து
தினம் கொஞ்சம் திருடிச் சேர்த்த சில்லறை மாதிரி.
அதற்கும் பின்னால், பம்ப் விசிறியின் இடுக்கில்,
ஆரஞ்சு நிறத்தில் ஏதோ.

புருவம் திருத்தும் இடுக்கியால் இழுத்தேன்.
பிய்ந்து பாதியாக வந்தது.
நுரைப்பஞ்சு.
காதடைப்பான்.
தலை வெட்டும் மெஷினின் சத்தத்துக்காக
ஷிஃப்டுக்கு ஒரு ஜோடி கொடுப்பார்கள்.
பஸ்ஸிலும் நான் அதைக் கழற்றுவதில்லை.
சாப்பிடும்போதும், சில நாள்.
ஆலை நின்ற பிறகும் தலைக்குள் ஆலை ஓடும்.

வியாழக்கிழமை அவன் சொன்னான்:
அம்மா, மெஷின் முனகுது.
தலையாட்டியிருப்பேன்.
சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில்
வாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு
தொண்டையால் க்ர்ர்ர் என்று செய்து காட்டினான்.
விளையாடாமல் சாப்பிடு என்றேன்.

கழுவினேன். மாட்டினேன். திருகினேன்.
ஒரு விக்கல், பிறகு
தண்ணீர் இறங்கிப் போகும் சத்தம்.
பிழிதல், பன்னிரண்டு நிமிடம்.
ஈரத் தரையிலேயே உட்கார்ந்து
இரண்டு காதாலும் கேட்டேன்.
உள்ளே எங்கோ ஒரு தட்டல் மிச்சம் இருக்கிறது.
பேரிங்காக இருக்கலாம்.
அது அடுத்த மாதச் சம்பளம்.

சீருடையை அடுப்பின் முன் நாற்காலிக்கு உடுத்திவிட்டேன்.
கை மட்டும் எப்படியும் காயாது.

ஒன்றரை மணி. அவன் கதவைக் கொஞ்சம் திறந்து,
என்ன சொல்வதென்று தெரியாமல்,
தொண்டையால்
க்ர்ர்ர் என்றேன்.

இருட்டு கொஞ்ச நேரம் யோசித்தது.
"இல்லம்மா.
இன்னும் கொஞ்சம் கரகரப்பா."