கதவு மட்டும்

பன்னிரண்டு மீட்டர் நீளத்தை
நாள்தோறும் பிடோக் வளைவில் திருப்புகிறேன்.
எண்பது பேர், நாலு குடை, ஒரு சக்கர நாற்காலி,
யாரும் சிந்தாமல்.
சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை எனக்கு.

பதினைந்து முடிந்த வாரம்
என்ன வேண்டும் என்றதற்கு
வினோஷா கைப்பேசியை நீட்டினாள்.
டாட்சன். அவளைவிட முப்பத்தைந்து வயது மூத்தது.
"ஓட்ட வேணாம்மா. பிரிச்சு, துடைச்சு,
திரும்பச் சேர்க்கணும். நீயும் நானும்."
கடைசி இரண்டு சொல்லை மட்டும்
செருப்பைப் பார்த்துச் சொன்னாள்.

இந்த ஊரில் கார் வாங்குமுன்
காரை வைத்துக்கொள்ளும் உரிமையை வாங்க வேண்டும்.
ஏலத்தில். பத்தே வருடத்துக்கு.
அந்தக் காகிதத்தின் விலையில்
என் அண்ணன் ஈப்போவில் மாடிவீடு கட்டிவிட்டான்.
பழங்காருக்குச் சலுகை உண்டாம்:
வருடத்தில் நாற்பத்தைந்து நாள் சாலையைப் பார்க்கலாம்.
மீதி முந்நூற்று இருபது நாள்
அது எங்கே நிற்கும் என்று கேட்டேன்.
அவளிடம் அதற்கும் ஒரு அட்டவணை இருந்தது.
எங்கள் புளோக் வாகன நிறுத்துமிடத்திலோ
வண்டி பழுதுபார்க்கக் கூடாதென்று
நான்கு மொழியில் எழுதியிருக்கிறது.

எனக்கு விடுப்புக் கிடைத்த நாளெல்லாம் தேடினோம்.
சின் மிங்கில் ஒரு மோரிஸ்:
உட்கார்ந்தால் காலடியில் தரை தெரிந்தது, நிஜத் தரை.
உபியில் ஒன்று, பளபளவென்று,
பார்க்க மட்டும்.
மூச்சு படாமல் பார்க்கச் சொன்னார் உரிமையாளர்.

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி.
தியோ என்பவரின் பட்டறையில்
ஆரஞ்சு நிறத்தில் அதே டாட்சன்.
"அப்பா வரலையா?" என்றார் அவளிடம்.
"அம்மா டபுள் டெக்கர் ஓட்டுறாங்க."
நான் கேட்டறியாத குரல் அது.
என் பெண்ணுடையதுதான்.
தியோ என் கைகளைப் பார்த்தார்,
பிறகு சாவியை என்னிடம் தந்தார்.

அவள் வண்டிக்கடியில் ஊர்ந்தாள்.
நான் டார்ச் பிடித்தேன்.
"இங்கே பாரும்மா, துரு."
இங்கே பார் என்று அவள் என்னைக் கூப்பிட்டு
எத்தனை மாதம்?
சிமெண்டில் கன்னம் பதித்துப் பார்த்தேன்.
முட்டைத்தோடு போல உதிர்ந்தது.

முப்பத்தெட்டாயிரம் வெள்ளி என்றார்.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.
குறைத்துக் கேட்கவும் வெட்கமாக இருந்தது,
எவ்வளவுதான் குறைப்பது?

கிளம்பும்போது அவள்தான் கண்டாள்.
டயர்களுக்குப் பின்னால் ஒற்றைக் கதவு,
வெளிர்நீலம், சாய்ந்தபடி.
மற்றதெல்லாம் எப்போதோ இரும்பு எடைக்குப் போயிற்றாம்.
எண்பது வெள்ளி.
பேரம் பேசினேன். அறுபத்தைந்து.

கதவோடு பேருந்தில் ஏற முடியாது.
வந்தால் நானே ஏற்றமாட்டேன்.
வேன் பிடித்தோம், இருபத்தைந்து.
மின்தூக்கியில் ரோஸ்லி அங்கிள்
கதவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.
"மீதி எங்கே?"
"பார்க்கிங் கிடைக்கலை அங்கிள்,"
என்றாள் வினோஷா, சிரிக்காமல்.
எட்டாவது மாடி வரை
நான் கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அது சலவை இயந்திரத்துக்கும்
அரிசி டப்பாவுக்கும் நடுவே நிற்கிறது.
எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது.
நான் ஓட்டுவேன், பழுதென்றால் ஆளை அழைப்பேன்.
அவள் காணொளி பார்த்து
தலைகீழாகத் திருகுகிறாள்.
மூன்று ஞாயிறு, ஒரு உடைந்த நகம்,
"அப்படி இல்லம்மா" பதினொரு தடவை,
வாய்க்கு வந்ததை ஒருமுறை நான்.
உள்தகட்டைக் கழற்றியபோது
கதவின் வயிற்றிலிருந்து விழுந்தது
ஒரு பார்க்கிங் கூப்பன்.
மாலை ஐந்தரை கிழித்திருந்தது.
யாரோ எங்கோ அரைமணி நேரம்
முறைப்படி நின்றிருக்கிறார்.

கைப்பிடியைச் சுற்றினாள்.
கண்ணாடி முனகியது, ஏறியது,
மூன்று விரல் மிச்சம் வைத்து நின்றது.

நாளை நாலரை மணி ஷிப்ட் எனக்கு.
படுக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அந்த மூன்று விரல் சந்தில்
ஸ்க்ரூடிரைவர் ஒன்று நீண்டது,
பிடி என் பக்கமாக.