வாங்கில் ஒரு ஆணி

பன்னிரண்டு வயதில் எனக்கு மீசை அரும்பிவிட்டது.
அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.
ஒரே மாரிக்குள் நாலு அங்குலம்,
முழங்காலுக்குக் கீழே இரவிரவாய்க் குத்து.
அம்மா காற்சட்டையின் மடிப்பை அவிழ்த்து
இரண்டு தரம் இறக்கித் தைத்தா.
மூன்றாம் தரம் இறக்கத் துணி இல்லை.

பதினாலு வயதுக்குட்பட்டோர் ஆட்டம், நாவாந்துறை.
எதிரணி மாஸ்டர் என்னைக் கண்டதும் கேட்டார்,
"உந்தப் பொடியன்ர பிள்ளையள் எந்தப் பள்ளிக்கூடம்?"
சனம் சிரித்தது.
அம்மா பொலித்தீன் பையிலிருந்து
என் பிறப்புச் சான்றிதழை எடுத்து விரித்துக் காட்டினா,
நடுவருக்கு ஒருக்கால், கோடு பார்க்கிறவருக்கு ஒருக்கால்,
கேளாமலே ஐஸ்கிறீம்காரனுக்கும் ஒருக்கால்.
ஜனவரி மூன்று.

அதே வருசம் டிசம்பர் இருபத்தொன்பதில்
பிறந்தவன் லிகோரியன்.
பட்டியலில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது.
நான் சுவரைப் பிடித்து எழும்பி நின்ற நாளில்
அவன் உலகத்திலேயே இல்லை.
ஜேர்சி அவனுக்கு முழங்கால் வரை வரும்;
இலக்கத்தின் கீழ்ப்பாதி காற்சட்டைக்குள்.

பந்தை முன்னுக்கு அடி, பிறகு ஓடு.
மாஸ்டர் எனக்குச் சொல்லித்தந்த முழுப் பாடமும் இதுதான்.
போதுமாயிருந்தது.
அடித்தேன், ஓடினேன்,
நடுவில் நின்றவர்கள் தாங்களாகவே விழுந்தார்கள்.
அந்த வருசம் இருபத்தேழு கோல்.
ஒரு நிமிடமும் நான் வெளியே நிற்கவில்லை.
லிகோரியன் விளையாடியது மொத்தம் பத்தொன்பது நிமிடம்,
அதில் நாலு, மழை கொட்டி
பந்து தண்ணிக்குள் நின்றுபோன நாலு.
பிறகொருநாள் அவனே சொன்னான்.
அவன் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

வாங்கில் இருந்தபடி
இடைவேளைக்குப் பிழியக் கொண்டுவந்த தேசிக்காயொன்றை
காலுக்குக் கீழே உருட்டிக்கொண்டே இருப்பான்.
உள்ளங்கால், புறங்கால், குதி, திரும்ப உள்ளங்கால்.
கண் மட்டும் எங்கள் ஆட்டத்தில்.
வெளியே போகும் பந்தை எடுத்துத் தருகிறவனும் அவன்தான்.
ஒருநாளும் அவன் அதைக் கையால் தொட்டதாய்
எனக்கு ஞாபகம் இல்லை.

பதினைந்தரையில் நான் நின்றுபோனேன்.
ஐந்தடி ஆறங்குலம்.
விளையாட்டு அறைத் தூணில் என் பெயருக்கு நேரே
பென்சில் கோடு ஒன்றின்மேல் ஒன்றாய்த் தடித்தது,
மூன்று தவணையும் ஒரே இடம்.
மற்றவர்களின் கோடுகள் என்னைத் தாண்டி ஏறிப்போயின.
லிகோரியன் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் நின்ற மாதங்களுக்குள்
வேறொருத்தனாய்த் திரும்பிவந்தான்,
தொண்டையில் புதுக் குரலோடும்
கழுத்தெலும்பில் சரியாய்ப் பொருந்திய ஜேர்சியோடும்.

அடித்தேன், ஓடினேன்.
விழவேண்டியவர்கள் விழவில்லை.
இடித்தேன், நான் விழுந்தேன்.
இரண்டு பேருக்கு நடுவால் பந்தை
எப்படிக் கொண்டுபோவதென்று ஒருவரும் காட்டித்தரவில்லை;
அப்போது அது தேவைப்படவும் இல்லை.
மாஸ்டரைப் பிழை சொல்ல ஏலாது.
சொல்லலாம்.
அவருக்குக் கிண்ணம் வேணும்,
அதிபருக்குக் கிண்ணத்தோடு படம் வேணும்,
எனக்கும்தான் ஐந்து மணிக்குச் சனம்
என் பெயர் சொல்லிக் கத்தவேணும்.

இன்றைக்குப் பாசையூர். அறுபத்து மூன்றாவது நிமிடம்.
உப்புக் காத்து கடல் பக்கத்திலிருந்து நேரே முகத்தில்.
நான் வாங்கில்.
காலையில் பஸ்ஸிலேயே லிகோரியன் சொல்லிவிட்டான்,
"இடப்பக்கக் கரையில இராதை,
ஆணி ஒண்டு கிளம்பி நிக்குது, காற்சட்டை கிழியும்."
பகிடி விடவில்லை.
எத்தனையோ பின்னேரம் அதில் இருந்தவன்,
எனக்கு உதவட்டும் என்றுதான் சொன்னான்.

அம்மா இன்னும் அந்தப் பொலித்தீன் பையோடுதான் வருகிறா.
ஒருவரும் கேட்பதில்லை.

அங்கே அவன் இரண்டு பேரை இழுத்து வைத்துக்கொண்டு
மெதுவாய், அவசரமே இல்லாமல்,
பந்தை உள்ளங்காலால் பின்னுக்கு உருட்டுகிறான்.
எனக்கு அந்தக் கால் தெரியும்.

வாளியிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்துக்
காலடியில் வைத்தேன்.
மாஸ்டர் என் பக்கம் பார்க்கவில்லை.
மெல்லத்தான் மிதித்தேன்,
அது சறுக்கிக் கோட்டுக்கு அங்கால் ஓடிவிட்டது.
எழும்பிப் போய் எடுத்துவந்தேன்.
கையால்.