ஆல்ட்டோ, இரண்டாம் வரிசை

துருசிலாவும் நானும் பேசிப் பதினான்கு மாதம்.
பாட்டுக் கோப்பு மட்டும் இருவருக்கும் ஒன்று.
இடது ஓரம் அவள் பிடிப்பாள், வலது ஓரம் நான்;
தாளைத் திருப்புவது அவள்தான், எப்போதும்
ஒரு நொடி முந்தி.

சற்குணராஜ் சாருக்குத் தெரியாமல் இல்லை.
எந்தக் கம்பியை எதோடு சேர்க்கக் கூடாதென்று
மின்வாரியத்தில் முப்பது வருஷம் பார்த்தவர்
எங்களை மட்டும் பிரித்து நிறுத்தவில்லை.
"நீண்ட சுரத்துல ரெண்டு பேரும் ஒண்ணா மூச்சு வாங்காதீங்க.
ஒருத்தி விடும்போது ஒருத்தி பிடிச்சிருக்கணும்.
கேக்குறவங்களுக்கு ஓட்டை தெரியப்படாது."

அவள் அண்ணன் நூற்றெண்பத்தேழு.
என் வீட்டுக்காரர் நூற்றெண்பத்தாறு.
செல்லாதது ஒன்று.
அதற்குப் பிறகு கோர்ட்டு, வாய்தா,
திருவிருந்தில் ஆளுக்கொரு ஓரமாய் முழங்கால்.
அந்தச் செல்லாத சீட்டில்
இரண்டு பெயருக்கும் நேராக டிக் அடித்த கை எதுவென்று
எனக்குத் தெரியும்.
தப்பாகவா, வேண்டுமென்றா,
ஜெபத்தில்கூட நான் அதைப் பிரித்துச் சொன்னதில்லை.

பிப்ரவரியில் அவள் அப்பாவை அடக்கம் செய்தபோது
பெட்டிக்குப் பக்கத்தில் போட்ட நாற்காலியை விட்டு
எழுந்து வந்து
கோப்பின் இடது ஓரத்தைப் பிடித்தாள்.
தாளில் விழுந்ததை நான் துடைக்கவில்லை.
துடைத்திருக்கலாம்.

டிசம்பர் பத்தொன்பது, கேரல் ரவுண்ட்ஸ்.
சோணையின் குட்டியானையில் பதினோரு பேர், கீபோர்டு, பேட்டரி,
முகமூடிக்குள் வேர்க்கிற கிறிஸ்துமஸ் தாத்தா.
சோணை மாலை போட்டிருக்கிறார், கறுப்பு வேட்டி.
எந்த வீட்டில் டீ, எந்த வீட்டில் கேக் என்பதோடு
டெனர் எந்த இடத்தில் பிசகுவான் என்பதும் அவருக்கு அத்துப்படி.
காளவாசலில் ஒருவர் கொத்துப் பரோட்டா கொத்திய தாளத்துக்கு
ஜெரினின் விரல் நழுவிப் போய்
பெத்லகேமுக்கே பசி வந்துவிட்டது.

பைக்காரா தாண்டி முத்துப்பட்டி. மணி ஒன்றே முக்கால்.
முப்பத்து நாலாவது வீடு துருசிலாவுடையது.
கணவர் துபாயில். மாமியார் படுக்கையில்.
வாசலில் பாடவும் அவள் வேண்டும்,
கதவைத் திறந்து எங்களை வரவேற்கவும் அவள்தான் வேண்டும்.
முதல் சரணம் எங்களோடு நின்றாள்.
இரண்டாவதில் கோப்பை என் கையில் விட்டுவிட்டு
சாவியைத் துழாவிக்கொண்டே படியேறினாள்.
முதன்முறையாக இரண்டு ஓரமும் எனக்கு.
தாளைத் திருப்ப மறந்தேன்.

மூன்றாம் சரணத்தின் முடிவில் வருகிறது அந்தச் சுரம்.
தாழ்ந்த லா. எட்டுத் தட்டு.
சோப்ரானோ எங்கேயோ மேலே, நட்சத்திரத்தில்.
ஆண்கள் கீழே, ஆட்டுக்கிடையில்.
நடுவில் நான் ஒருத்தி.
ஐந்தாம் தட்டில் நெஞ்சு காலி.
விட்டேன்.

ஓட்டை விழவில்லை.

அடுப்படியிலிருந்து,
பால் பாத்திரத்துக்கும் எவர்சில்வர் டம்ளர்களுக்கும் நடுவிலிருந்து
அவள் பிடித்திருந்தாள்,
கொஞ்சம் சுருதி இறங்கி,
ஸ்டவ்வின் இரைச்சலோடு.
நான் மறுபடி சேர்ந்த பிறகே விட்டாள்.
சோணைக்கும் கேட்டிருக்க வேண்டும்,
ஸ்டியரிங்கில் சாய்த்திருந்த தலையைத் தூக்கிப் பார்த்தார்.

தட்டை என் பக்கம் நீட்டும்போது
அவள் சாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது,
அந்தச் சீட்டு இருக்கிறதே, அது...
டீ கொதிக்கக் கொதிக்க.
நுனி வெந்ததுதான் மிச்சம்.

வேனில் ஏறினோம். இன்னும் ஒன்பது வீடு.
வாய்தா ஜனவரி எட்டு.
கோப்பை வாங்கி விரித்தவள்
நான் திருப்பாமல் விட்ட தாளைப் பார்த்து
உச்சுக் கொட்டினாள்.

பாட்டைக் கழித்துவிட்டால்
பதினான்கு மாதத்தில்
அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.