முத்திரைக்கு ஒரு வாடகை வீடு

இடமாற்றக் கடிதத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது.
முல்லைத்தீவு. உடனடியாகப் பொறுப்பேற்கவும்.
நெற்றியில் சதுரமாய் வெள்ளை விழுந்த
இந்தக் கறுப்பியைப் பற்றித்
தபால் திணைக்களத்துக்கு என்ன தெரியும்.
வவுனியாவில் பார்சல் சாக்குகளுக்கு நடுவில் பிறந்தவள்.
முத்திரை என்று கூப்பிட்டவன்
தரம்பிரிக்கும் பகுதி லோகிதன்.

பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள்.
பட்டா லொறியில்
மெத்தைக்கும் காஸ் சிலிண்டருக்கும் இடையே வந்தாள்.
ஒட்டுசுட்டான்வரை காட்டை மணந்தாள்,
முள்ளியவளையில் வயலை.
அதற்குப் பிறகு மூக்கு நின்றுவிட்டது,
புதுச்சொல் கேட்ட பிள்ளையின் வாய்போல.
உப்பு.

முதல் வீட்டின் உரிமையாளர் ஸ்காபரோவில்.
கைபேசிக்குள் இருந்துகொண்டு
நிலத்தைக் காட்டச் சொன்னார், மெல்ல, மூலை மூலையாக.
"தங்கச்சி, மாபிள் கீறுப்படும்."
நாயைக் காட்டச் சொல்லவில்லை.

கள்ளப்பாட்டில் அடுத்தது.
நாய் பரவாயில்லை, பெட்டை நாய்தான் கூடாதாம்.
"ஊர்க் கடுவனெல்லாம் படலையடியிலை நிக்கும்."
சொல்லிவிட்டு
தனியாக வந்திருந்த என்னையும் ஒருதரம் பார்த்தார்.
திறப்பை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

கந்தோரின் பின்னறையில் ஏழு கிழமை.
ஞாயிறுகளில் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு
கரை பார்க்கப் போனாள்.
அளம்பிலில் கரைவலை இழுக்கும்போது
நாய்கள் வரிசையாய்க் குந்தியிருக்கும்;
மடி அவிழும்வரை எழும்பக்கூடாது, அது அங்கத்தைய சட்டம்.
முத்திரை எழும்பினாள். கடி வாங்கினாள்.
மற்ற ஞாயிறு வரிசையின் கடைசியில் இருந்தாள்.
வட்டுவாகல் பாலத்தில் பாதிதூரம் போய்
நீரைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்,
நான் கேட்கவில்லை.
காவலரண் பெடியன் சிங்களத்தில் ஏதோ சொல்லி
மாரி பிஸ்கட்டை உடைத்து நீட்டினான்.
அவள் வாலுக்கு எல்லா மொழியும் விளங்கும்.
எனக்குப் பிஸ்கட் மட்டும் விளங்கியது.

சிலாவத்தையில் ஜொசிந்தாக்கா
என் சம்பளத்தைக் கேட்கவில்லை, சாதியை, சாதகத்தை.
"உது என்ன திண்ணும்?"
"சோறும் மீனும்."
"மீனுக்குக் குறைவில்லை. சோறை நீ பார்."

அறையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது
கிணற்றுக்குப் பின்னால்
பூவரசடியில் முத்திரை கிண்டத் தொடங்கினாள்.

யாரும் கத்தவில்லை.
வேலிக்கப்பால் வலை பொத்தியவரின் ஊசி
பாதித் துளையில் நின்றது.
சைக்கிள் பெடியன் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.
ஜொசிந்தாக்கா, மிக மெதுவாக,
குழந்தையை எழுப்பாமல் பேசுகிறவள்போல,
"பிள்ளை, நாயைக் கூப்பிடு."

கூப்பிட்டேன்.
என் வாயிலிருந்து வந்தது காற்று.
முன்கால்கள் இரண்டும் மண்ணை எறிந்தன,
எறிந்தன.

ஒரு நண்டு.
ஒற்றைக் கொடுக்கை உயர்த்திக்கொண்டு ஏறி வந்தது,
யாரடா கதவைத் தட்டியது என்று.
முத்திரை நாலு காலிலும் பின்னால் பாய்ந்து
அதற்குப் பிறகுதான் குரைத்தாள்.
சைக்கிள் பெடியன் முதலில் சிரித்தான்.

ஜொசிந்தாக்கா சிரிக்கவில்லை.
கிணற்றுக்கட்டில் இருந்து
சட்டைநுனியால் முகத்தைத் துடைத்தாள்.
"பத்து வருசம் முன்னமே துப்புரவாக்கிக்
கடுதாசியும் தந்திட்டினம்," என்றாள்.
"அலுமாரியிலை கிடக்கு. லமினேட் பண்ணி."
பிறகு, "மூண்டுமாத முற்பணம்.
குழியெல்லாம் நீதான் மூடவேணும்."

மூடுகிறேன், வேலை முடிந்து வந்து, காலால்.
நேற்று ஆறு. இன்றைக்கு நாலு.
தண்ணித்தொட்டிக்கு அருகில் இருப்பதை மட்டும்
விடச் சொன்னாள்.
"முருங்கைத்தடி ஒண்டு கிடக்குது, ஊண்டிப் பாப்பம்."

அதையும் கிண்டுவாள் முத்திரை.
சொன்னேன்.
"கிண்டட்டும்," என்றாள் ஜொசிந்தாக்கா,
தடியின் நுனியைச் சரிவாய் வெட்டிக்கொண்டு.