ஒரே கம்பியில் இரண்டு பெட்டிகள்

பாட்டை முதலில் ஹெட்போன் இல்லாமல்தான் கேட்டேன்,
வால்பராய்சோ துறைமுகத்தில்,
கன்டெய்னர் தூக்கும் கிரேன்களின் இரைச்சலில்,
கைப்பேசியைக் கன்னத்தெலும்பில் அழுத்தியபடி.
இரண்டு குரல்.
ஃபிரெசியா ஆரோகணத்தில் ஏற ஏற
நோல்பெர்டோ அவரோகணத்தில் இறங்குகிறான்.
சரியாகப் பாட்டின் பாதியில்
இருவரும் ஒரே சுரத்தில் நிற்க வேண்டிய இடம்.
அங்கே அவன் அரை சுரம் கீழே நிற்கிறான்.

"தெரியும்" என்றாள் அவள்.
"வேறு வேறு நாளில் பாடினோம்.
ஒரே அறையில் மூச்சு விட முடியாத மாதம் அது.
திருத்துகிறேன் என்றார்கள்.
கையை எடுங்கள் என்றேன்."

தயாரிப்பாளர் கேட்டது
கடலும், சாயும் சூரியனும்,
சுவரோவியத் தெருக்களில் ஆடப் பத்துப் பேரும்.
இந்த ஊரில் கேமராவைக் கீழே போட்டாலும்
அது ஒரு தபால் அட்டையை எடுத்துக்கொண்டுதான் எழும்.
ஊரின் வியாதி அது.

நான் குன்றைப் பார்த்தேன்.
அதன் முதுகில் சாய்த்துவைத்த தண்டவாளம்,
ஒரே கம்பியின் இரு நுனியில் இரு பெட்டி.
இறங்குவதன் எடைதான்
மற்றதை ஏற்றுகிறது.
பாதி வழியில் ஒருமுறை பக்கத்தில் வரும்,
ஜன்னலுக்கு ஜன்னல்.
கைக்குட்டை நீட்டலாம்,
பெயர் சொல்லி முடிக்க நேரமிருக்காது.

பாட்டு எனக்கு முன்பே அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

திரையை நெடுக்காக இரண்டாகப் பிளந்தேன்.
இடப்பக்கம் அவள், மஞ்சள் குண்டு பல்பின் கீழ்.
வலப்பக்கம் அவன், விளக்கே இல்லாமல்,
காலைப் பனிமூட்டத்தின் நீலத்தில்.
"ரெண்டு நிறத்தையும் சமன் பண்ணிடவா?"
உதவியாளன் இகோர் கேட்டான்.
அரை சுரத்துக்கு நிறத்தில் என்ன பெயரோ,
எனக்குத் தெரியாது.
தொடாதே என்று மட்டும் சொன்னேன்.

சிக்கல் விசை அறையில் இருந்தது.
கம்பிச் சக்கரத்தை ஓட்டுகிற செனோபியா
படப்பிடிப்பானாலும் தலைக்கு நூறு பேசோ
ஒவ்வொரு முறையும் வாங்கினாள்.
"பாட்டு எவ்வளவு நேரம்?"
மூன்று நிமிடம் பத்து நொடி.
"என் பெட்டி எழுபது நொடி. பாட்டை வெட்டு."
சொல்லிவிட்டு எம்பனாடாவைக் கடித்தாள்.

வெட்டவில்லை.
பாட்டை இரண்டே முக்கால் மடங்கு வேகத்தில் ஓடவிட்டோம்,
அந்த வேகத்துக்கே அவர்கள் வாயசைக்க,
பிறகு படத்தை நிதானமாக்கினால்
உதடு பாட்டோடு பொருந்தும்;
கூந்தலும் பனியும் மட்டும்
தண்ணீருக்குள் நடப்பதுபோல் நடக்கும்.

ஆனால் ஸ்பீக்கரில் வந்ததோ
அணில் சண்டை.
எட்டு மாதம் அழுது எழுதிய வரிகள்
கீச்சுக் கீச்சென்று குன்றேறின.
பத்து முறை பல்லைக் கடித்துக்கொண்டு பாடினார்கள்.
பதினோராவது முறை,
ஜன்னலும் ஜன்னலும் உரசும் அந்த நொடியில்,
ஃபிரெசியா சிரித்துவிட்டாள்.
எதிர்ப் பெட்டியில் அவனும்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து,
தோள் குலுங்க.

இன்னும் ஆறு முறை எடுத்தோம்.
ஒன்றும் அதுபோல் இல்லை.

நிதானமாக்கிய சிரிப்பு எப்படி இருக்கும் என்று
அன்றிரவுதான் பார்த்தேன்.
வாய் மெல்லக் கோணுகிறது,
கண் இடுங்கி ஈரமாகிறது,
தோள் ஒருமுறை எழுந்து விழ
ஒரு யுகம் ஆகிறது.
பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்:
எப்படி இவ்வளவு அழ வைத்தீர்கள்?
உண்மையைச் சொல்லலாமென்றுதான் வாயெடுத்தேன்.
அது உண்மைதானா என்ற சந்தேகம் வந்து
காபியைக் குடித்தேன்.

ஃபிரெசியா ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தாள்.
அந்த நொடியை மூன்று முறை.
"இங்கே மட்டும் சுருதி சேர்ந்திருக்கு" என்றாள்.
ஒலியை ஏற்றவில்லை.

செனோபியாவுக்கும் காட்டினேன்.
முழுதும் பார்த்தாள், முகம் மாறவில்லை.
"என் பெட்டி இவ்வளவு மெதுவாகப் போகாது,
ஜனங்க மெஷின் கோளாறுன்னு நினைப்பாங்க"
என்று சொல்லிவிட்டுக்
கைநெம்பை இழுத்தாள்.
மேலே ஒன்று கிளம்பியது.